பன்னிரண்டு பத்து

வக்கீலின் கடிதத்தோடு ஒரு நகல் வந்திருக்கிறது.
என் கையெழுத்துதான்.
ஏழுக்கு நடுவில் கோடு போடும் பழக்கம்
எங்கள் வார்டில் எனக்கு மட்டும்தான்.

தண்டர் பேயில், ஆஸ்பத்திரி நிலவறையில்
பதினான்கு வருஷம் கிடந்த தாள்.
ஒரு குளிர்காலம் குழாய் வெடித்து
மையெல்லாம் ஊறிப்போயிற்று.
நான்காவது பைக்கு நேராக
முதலில் ஒரு ஒன்று, கடைசியில் ஒரு பூஜ்யம்.
இடையில் இருந்த இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன.
பதினொன்று நாற்பதா, பன்னிரண்டு பத்தா?
உறுதிமொழியாக எழுதித் தரச் சொல்கிறார் வக்கீல்.
அடியில் ஒரு வரி, மரியாதையாக:
‘நினைவு எதைச் சொல்கிறதோ அதை மட்டும்.’

அரசாங்கம் நாள் குறித்திருக்கிறது.
எண்பத்தாறு ஜனவரி ஒன்று முதல்
தொண்ணூறு ஜூலை ஒன்று வரை
ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு நஷ்டஈடு.
அதற்கு முந்திய ரத்தத்தில் வந்த கிருமி
யாருடைய தவறும் இல்லையாம்.
வந்தது, வந்ததுதான்.

ஐலா லெஹ்டோனனுக்குப் பெண் பிறந்தது
எண்பத்தைந்து டிசம்பர் முப்பத்தொன்று,
இரவு ஒன்பது இருபதுக்கு.
ஒன்பதரைக்கு மெத்தை நனைந்து தரையில் சொட்டியது.
நான்கு பைகள். நான்தான் மாட்டினேன்,
ஒவ்வொன்றையும் இரண்டு கைக்குள் வைத்துக் குளிர் போக்கி.
டொய்வோ, அவள் கணவன்,
தானியக் கிடங்கிலிருந்து நேராக வந்தவன்,
கோதுமைத் தூசி படிந்த பூட்ஸோடு வாசலில் நின்றான்.
நல்ல ரத்தமா என்று அவன் கேட்கவில்லை.
யார்தான் கேட்பார்கள்?
"போதுமா, இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டான்.

போன மாதம் மளிகைக் கடையில் அவளைப் பார்த்தேன்.
கண்ணின் வெள்ளை எலுமிச்சைத் தோல்போல.
ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு
ஏழு மாத வயிறு. உள்ளே வெறும் நீர்.
"நீங்கதானே அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது?"
ஆமாம் என்றேன்.
எடுத்து வைத்த ஆப்பிள்களைத் திரும்ப எண்ணினேன்.

நினைவு சொல்வது இதுதான்:
நான்காவது பை பாதி இறங்கியிருந்தது.
தாழ்வாரத்தில் யாருடையதோ ரேடியோ
பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது.
தரை துடைக்கும் வாசில் காகிதத் தொப்பியோடு எட்டிப் பார்த்தார்.
உஷ், என்றேன்.
துறைமுகத்தில் பனியில் இறுகி நின்ற கப்பல் ஒன்று
நீளமாக ஊதியது.

ஆக, பாதி ரத்தம் பழைய வருஷத்தில்,
பாதி ரத்தம் சட்டத்துக்குள்.
கிருமி எந்தப் பாதியில் இருந்ததென்று
யாரும் கேட்கப்போவதில்லை.
மாட்டிய நேரம்தான் கணக்கு.
மாட்டிய நேரம் எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருஷத்தில்
நேரத்தில் மட்டும் நான் பொய் எழுதியதில்லை.
செத்துப்போனவர்களுக்கும் நிமிஷம் பிசகாமல் போட்டவள்.

பேனாவைத் திறந்தேன்.
பன்னிரண்டு பத்து.
இலக்கத்தில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை.
கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன்.
நடுங்கவில்லை.

உறையை ஒட்டிவிட்டு
தபால்பெட்டிக்குப் போகப் பூட்ஸ் மாட்டுகிறபோதுதான்
நார்வல் பெட்டியர் ஞாபகம் வந்தார்.
மரலாரி ஓட்டியவர். தொடை நசுங்கி வந்தவர்.
அந்த வாரம் ஆள் போதாமல்
அறுவைப் பிரிவுக்கும் என்னை அனுப்பியிருந்தார்கள்.
டிசம்பர் இருபத்தேழு. ஆறு பைகள்.
மத்தியானம், கட்டில் முழுக்க வெயில்.
நள்ளிரவு எங்கோ தொலைவில் இருந்தது.

அவர் மனைவி எனக்கு எதுவும் எழுதவில்லை.
அவருடைய தாள் மேல் அலமாரியில் இருந்ததாம்,
ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லையாம்.
ஒவ்வொரு எண்ணும் அச்சடித்ததுபோல் நிற்கும்,
ஏழுக்கு நடுவில் என் கோட்டோடு.