ஷேடு பொருந்தாத ரத்தம்

திருப்பூர், பெருமாநல்லூர் ரோடு.
நிட்டிங் மெஷின் விற்றுப்போன குடோனின் மேல்மாடி.
ஞாயிறு காலை ஒன்பதரைக்குப்
படிக்கட்டில் முப்பத்தொரு ஜோடிச் செருப்பு,
பொம்பளைச் செருப்பு என்னுடையது மட்டும்.
நூற்றைம்பது ரூபாய், மதியச் சோறு உட்பட.
யாரோ ஒரு ஜப்பான்காரர் எடுத்த ஆறு படம்,
நடுராத்திரி வரைக்கும்.

"மனசு கெட்டியா இருக்கறவங்க மட்டும் உக்காருங்க"
என்றார் திரைப்படச் சங்கத்துக் கோதண்டராமன்.
மற்ற நாளில் ஜிப் ஏஜென்சி.
ஷிப்மென்ட் நெருங்கினால் மூன்று ராத்திரி தூங்காதவள் நான்.
உட்கார்ந்தேன்.

முதல் படம், கல்யாண வீடு.
மாப்பிள்ளை குடையால் குத்துகிறான்.
தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய்
பிய்ந்துகொண்டது போல
கூரைவரை அடிக்கிறது.
இரண்டாவதில் ஒருத்தி
தன் பல்லைத் தானே பிடுங்கிக் கோர்க்கிறாள்.
நாலு பேர் எழுந்து போனார்கள்.
"ஏனுங், இதையும் ஒருத்தன் உக்காந்து
யோசிச்சிருக்கான் பாருங்"
என்று ஐந்தாவது ஆள் சொல்லிவிட்டு
போகாமல் உட்கார்ந்தார்.

எனக்குப் பிழைப்பே கறை பார்ப்பதுதான்.
ஆயில் கறை, துரு, சாக்பீஸ்,
நூலில் ஓடிவந்த வேற்று முடி.
டெய்லர் விரலில் ஊசி இறங்கினால்
வெள்ளை பனியனில் மிளகு அளவு சிவப்பு.
டீ பிரேக் முடிவதற்குள் அது பழுப்பாகிவிடும்.
இங்கே காலையில் செத்தவன்
சாயங்காலம் வரை சிவப்பாகவே கிடக்கிறான்.
பக்கத்து நாற்காலி சாயப்பட்டறை மாஸ்டர்
தலையை ஆட்டினார்:
"ஷேடு தப்புங்க. கொஞ்சம் கருப்பு சேர்த்திருக்கோணும்."

மதியம் அரிசிம்பருப்புச் சோறு.
நல்லவேளை, மஞ்சள்.
தக்காளிச் சட்னி வாளி
போன மாதிரியே திரும்பிப் போனது.

நாலாவது படத்தில் விரல்.
பலகையில் வைத்து, நிதானமாக, ஒவ்வொன்றாக.
அரங்கமே துண்டுக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும்.
கடைசி வரிசையில் ஒரே ஒரு சிரிப்பு.
குப்பண்ணன், முன்னாள் கட்டிங் மாஸ்டர்.
இடது கையில் மூன்றுதான் மிச்சம்.

"அப்படி விழாதுங்க,"
இடைவேளையில் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.
"பேண்ட் நைஃப்ல போனா மொதல்ல வலியே இருக்காது.
எண்பது அடுக்குத் துணி, ஆரஞ்சு கலர்.
ஐயோ துணி போச்சேன்னுதான் மொதல்ல தோணுச்சு.
வெரல அப்புறமாத்தான் தேடுனோம்."

எந்தக் கம்பெனி, எந்த வருசம்
என்று நான் கேட்கவில்லை.
ஆரஞ்சுப் பீஸ் ரிஜெக்ட் சீட்டில்
எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஐந்தாவதில் ரத்தமே இல்லை.
ஒரு பெண் அரிசி கழுவுகிறாள்.
நாற்பது நிமிடம். ஒரே ஷாட்.
கழுநீரை ஊற்றுகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், அலசுகிறாள்.
அவளுக்குப் பின்னால் ஒரு கதவு,
பாதி திறந்தபடி.
இப்போது வரும், இப்போது வரும் என்று
கத்திக்குக் காத்திருந்தோம்.
சிலர் குறட்டை விட்டார்கள்.
பக்கத்துக் கட்டிடத்தில் ஒடியாப் பையன்கள்
ஞாயிற்றுக்கிழமைத் துணியை அடித்துத் துவைத்தார்கள்.
அந்தச் சத்தம் படத்தினுடையதா
எங்களுடையதா என்று தெரியவில்லை.

குப்பண்ணன் எழுந்தார்.
"இதுக்கு மேல முடியாதுங்."
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படியில் இறங்கினார்,
வெறுங்காலோடு.

ஆறாவது படம் எனக்கு ஞாபகமில்லை.
யாரோ எரிந்தார்கள்.
யாரோ பாடினார்கள்.
முடிந்தபோது ஒன்பது ஜோடிச் செருப்பு.
கோதண்டராமன் எல்லோருக்கும் கை கொடுத்தார்,
சாவு வீட்டு வாசலில் கொடுப்பது போல.

ஸ்கூட்டியில் நொய்யல் பாலம் தாண்டினேன்.
இருட்டில் ஆறு என்ன கலர் என்று
என்னாலும் சொல்ல முடியாது.

வீட்டில் தோசைக்கு அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது.
ஒரு தண்ணி. ரெண்டாம் தண்ணி.
மூணாம் தண்ணியிலும் வெள்ளை போகவில்லை.
கையை அப்படியே குண்டாவுக்குள் விட்டுவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்.

கதவு சாத்தித்தான் இருந்தது.
போய் இன்னொரு தரம் சாத்தினேன்.