முக்கால் மணி நேரம்

வின்னிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
சாவியை வாயில் வைத்துச் சூடாக்காதே,
உதடு பித்தளையோடு போய்விடும்:
பயிற்சிக்கூடத்தின் முதல் பாடம் இது.
அடுத்தது, பூட்டுக்கு எண்ணெய் விடாதே,
குளிரில் பிசினாகும். கிராஃபைட் தூள், ஒரு மூச்சளவு.

பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்,
ஹாலினா மெல்னிச்சுக், வயது நாற்பத்தாறு.
கதவு எனக்கு ஒரு நெம்புகோல்,
நாளைக்கு இருநூறு தடவை.
சொல்லித்தந்த டாரில் என் மகளைவிட இரண்டு வயது சின்னவன்.
ஊசிகளை நான் தரையில் சிந்தும்போதெல்லாம்
சிரிக்காமல் காந்தத்தை நீட்டுவான்,
பித்தளை ஒட்டாது என்று
நானே கண்டுபிடிக்கட்டுமே என்று.

ஐந்து ஊசி, ஐந்து சுருள்வில்.
மேல் ஊசியும் கீழ் ஊசியும் பிரியும் கோடு
மயிரிழை தப்பினால் உருளை அசையாது.
பிப்ரவரி முழுக்க அந்தக் கோட்டில்தான் தூங்கினேன்.

எனக்குப் பிடித்தது வெற்றுச்சாவிப் பாடம்.
பல் வெட்டாத சாவியை நுழை, முறுக்கு, உருவு,
விளக்கில் சாய்த்துப் பார்.
பூட்டு மறுத்த இடத்தில் கொசுக்கடி மாதிரி ஒரு புள்ளி.
அங்கே மட்டும் அரத்தால் ஒரே இழுப்பு.
மறுபடி நுழை. மறுபடி மறுக்கும்.
புள்ளி நின்றுபோன இடத்தில் கை வைக்காதே,
அங்கே சம்மதம் கிடைத்தாயிற்று.
ஒரு பூட்டு சொன்ன 'இல்லை'களை எல்லாம்
வரிசை மாறாமல் கேட்டு முடித்தால்
கையில் இருப்பது சாவி.

தேர்வில் நாற்பது நிமிடம் தந்தார்கள்.
எனக்கு முப்பத்தெட்டில் திரும்பியது.
பக்கத்து மேசை ரெஜீன் அழுதுகொண்டே அராவினாள்,
மூக்கெல்லாம் பித்தளைத் தூள்.
அவளும் தேறிவிட்டாள்.

அப்புறம் காவல்துறைப் படிவம்.
அனுமதியின்றி எந்த வீட்டுக்குள்ளாவது நுழைந்ததுண்டா?
பேனா நின்றது.
இருபத்திரண்டு வயதில், ஒரு தடவை.
டேல் பூட்டை மாற்றியிருந்தான்.
அவன் வேலைக்குப் போனதும்
என் பெயரிலும் வாடகை கட்டிய வீட்டின்
குளியலறை ஜன்னலைப் பெயர்த்து இறங்கினேன்.
குழந்தையின் கம்பளிக் கையுறை,
தடுப்பூசி அட்டை. வேறெதையும் தொடவில்லை.
வழக்கும் இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.
'ஆம்' என்று எழுதினேன்,
கையுறையின் நிறம் உட்பட.
குமாஸ்தா படித்தார். தலை நிமிராமல் முத்திரை குத்தினார்.

உரிமம் வந்த நான்காம் நாள்
இரவு பத்தேகாலுக்கு எல்ம்வுட்டிலிருந்து அழைப்பு.
படியில் ஒருவன், தொப்பியில்லாமல், காது சிவந்து.
"சாவி உள்ளே மாட்டிக்கிச்சு."
அடையாள அட்டை கேட்டேன். பெயர் சரி,
முகவரியும் அதே வீடு.
டார்ச்சைப் பூட்டின் மேல் அடித்தேன்.

ஒரு கீறல் இல்லாத புதுப் பித்தளை.
அதைச் சுற்றிக் கதவுச் சாயத்தில்
பழைய பூட்டின் பெரிய வட்டம்.
படியில், உறைபனி மேல்,
இன்னும் மஞ்சள் மாறாத மரத்தூள்.

"இன்னைக்கு யார் மாத்தினது இதை?"
"எதை?"
மாடியில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.

திறக்க மாட்டேன் என்றேன்.
கத்தினான். கூலியை இரட்டிப்பாக்கினான்.
பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக,
"குளிருது" என்றான்.
குளிரத்தான் செய்தது.
தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொள்ளவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு வண்டியில் இருந்தேன்
அவன் பின்விளக்குகள் ஹென்டர்சன் நெடுஞ்சாலையில்
வளையும் வரை.
பதிவேட்டில்: நேரம், முக்கால் மணி. திறக்கவில்லை.
கட்டணத்துக்கு ஒரு கோடு.

போய்விடலாம் என்று கியரைத் தொட்டவள்
இறங்கி மறுபடி படியேறினேன்.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது உறுத்திக்கொண்டே இருந்தது,
பூட்டின் வெளிவளையம் லேசாக ஆடியது.
என் அட்டையின் பின்பக்கம் எழுதி
கதவிடுக்கில் செருகினேன்:
உள்பக்கத் திருகாணி இரண்டையும்
இன்னும் ஒன்றரைச் சுற்று முறுக்குங்கள்.