மனதில் ஒன்று

ஃபோவிங்கலில் என் ஜன்னலுக்கு நேரே
தொங்கு ரயில் போகும்.
தண்டவாளம் தலைக்கு மேல், தெரு காலுக்குக் கீழ்,
நடுவில் முப்பது பேர்
என் சமையலறையைப் பார்த்தபடி.
அவர்களுக்குத் தெரிவது
இரண்டு திரை, ஆறிய தேநீர்,
வேலைச் சட்டையைக் கழற்றாத ஒருத்தி.
சட்டை முதுகில் லிஃப்ட் கம்பெனியின் பெயர்.

பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
இரவில்,
தொண்ணூற்று மூன்றில் பிறந்து
தொண்ணூற்று ஐந்தில் செத்த
ஒரு கன்சோலைப் போல
என் கணினியை நடிக்க வைக்கிறேன்.
அதற்கு வந்த கேம்களே பதினேழு.
பதினாறு ஓடுகின்றன.

பதினேழாவதில், மூன்றாம் பந்தயத்தில்,
பாலம் தாண்டியதும்
கார் சாலைக்குள் விழுகிறது.
சத்தமில்லை, வெடிப்பில்லை.
தாரைத் தண்ணீர் என்று நம்பி
மூக்கு முதலில் இறங்கி
கறுப்புக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.
வேகமானி மட்டும் மேலே நின்று
நூற்றி நாற்பது என்கிறது.

ஐந்து வாரம்.
பெருக்கல் சரி. நினைவகம் சரி.
சைக்கிள்களை ஒவ்வொன்றாக எண்ணினேன், சரி.
கையேட்டின் இருநூற்றுப் பதினோராம் பக்கம்
சொல்கிறபடியே எல்லாம்.
கார் விழுந்தது.

கோட் திறந்துதான் கிடக்கிறது,
யாரும் வரலாம், எடுக்கலாம், திருத்தலாம்.
நாலு பேர் வந்தார்கள்.
ஒருவன் ஒரு காற்புள்ளியை நகர்த்திவிட்டுப் போனான்.
ஒருவன், இலவசமாகக் கொடுக்கிறவளுக்கு
இவ்வளவு தாமதம் ஆகாது என்று கோபித்தான்.
ஒருவர் என்ன மொழி என்றே தெரியாத மொழியில்
எதையோ கேட்டார்.
பிறகு கீலிலிருந்து கெஸீனா.

பல்செட் செய்யும் பட்டறையில் வேலை அவளுக்கு.
அமிலம் உண்டு, நுண்ணோக்கி உண்டு,
சனிக்கிழமை முதலாளி வருவதில்லை.
செத்த கன்சோலின் சிப்பை
மேலோடு கரையும் வரை ஊறவைத்து
உள்ளே இருந்ததைப் படமெடுத்து அனுப்பினாள்.
படத்தில் ஒரு சிவப்பு வட்டம்.
வட்டத்துக்குள் இரண்டு கோடுகள்,
தொட வேண்டியவை,
தொடவில்லை.

இரண்டை எழுதி, மனதில் ஒன்று என்போமே,
அந்த ஒன்றை
இந்தச் சிப் மறந்துவிடும்.
எப்போதும் அல்ல,
கழித்தலும் கழித்தலும் பெருக்கிக்கொள்ளும்போது மட்டும்.
கேமை எழுதியவர்களுக்கு
அது தெரிந்ததோ இல்லையோ,
விடையில் ஒன்று குறைந்தது,
ஒன்றைக் கூட்டிச் சாலை போட்டுவிட்டார்கள்.
நான்தான் ஒழுங்காகப் பெருக்கி
காரைக் குழிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு நான் சிரித்தது
கெஸீனாவுக்குப் புரியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், டோர்ட்முண்டில்,
அகதிப் பதிவு மேசையில் ஒருவர்
என் பெயரில் ஒரு ஹெச்சை விட்டுவிட்டார்.
யசோதினி போய் யசோட்டினி.
வங்கியில் யசோட்டினி, வாடகை ஒப்பந்தத்தில் யசோட்டினி,
லிஃப்ட் சான்றிதழில்,
மகனின் பிறப்புப் பதிவில் தாய் என்ற இடத்தில்.
திருத்தலாமே என்று ஒரு வக்கீலிடம் போனேன்.
ஒன்றை மாற்றினால் எல்லாம் மாற்ற வேண்டும்,
எதை மறந்தாலும் அதில் நீங்கள் வேறு ஆள், என்றார்.
மழைக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இரண்டே வரிதான் எழுத வேண்டியிருந்தது.
இரண்டும் எதிர்மறை என்றால்
அந்த ஒன்றை மற.
மேலே குறிப்பு போட்டேன்:
இது பிழை. தெரிந்தே வைத்தது.

கார் ஓடியது.
பாலத்துக்கு அப்பால் பெரிதாக ஒன்றுமில்லை,
ஒரு சுரங்கம், வாசிக்க முடியாத விளம்பரப் பலகை,
திரும்பத் திரும்ப அதே மூன்று மரம்.
நான் நாலு தடவை போய்வந்தேன்.

மார்ச்சில் ஒரு பையன் திருத்தம் அனுப்பினான்,
மரியாதையாக, சோதனைகளோடு:
உங்கள் பெருக்கலில் ஒன்று குறைகிறது.
குறிப்பை அவன் வாசித்திருக்கவில்லை.
கடைசி ரயில் போய்
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும் வரை
பதிலை எழுதி எழுதி அழித்தேன்.
உங்கள் கணக்கு சரி.
அதனால் சேர்க்க முடியாது.
நன்றி.

கீழே கையெழுத்து,
டி போட்டு.