மூன்றாவது கட்டம்

பேராயத்திலிருந்து வந்த பதிவேட்டில்
ஒரு பிள்ளைக்கு மூன்று கட்டங்கள்:
உடல், அறிவு, ஆன்மா.
ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.
உடலுக்கு எடை இயந்திரம் இருக்கிறது
(முள் இரண்டு கிலோ தள்ளி நிற்கும், கழித்துக்கொள்ள வேண்டும்).
அறிவுக்குக் காலாண்டுத் தேர்வு.
மூன்றாவதை
இயற்பியல் டீச்சரான என்னிடம் தள்ளிவிட்டார்கள்,
நன்னெறி வகுப்புக்கு வேறு ஆளில்லை என்று.

பென்சிலால்தான் போட்டுவந்தேன்.
பெர்சிஸுக்கு ஒன்பது. ஆயர் மகள்,
வசனம் கேட்டால் அதிகாரத்தோடு சொல்வாள்.
கெங்காவுக்கு நான்கு.
ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை.
சிரசுத் திருவிழாவுக்கு மூன்று நாள் வரமாட்டாள்,
வரும்போது நெற்றியில் மஞ்சள் மிச்சமிருக்கும்.
இரவெல்லாம் பீடி சுற்றும் வீடு.
அவள் நோட்டைத் திருத்தினால்
என் விரலிலும் புகையிலை வாசம்.
நான்கே அதிகம் என்றிருந்தேன்.

புதன்கிழமை. வெள்ளைச் சீருடை.
குடியாத்தத்து வெயில் ஒன்பது மணிக்கே
கொடிக்கம்பத்தின் நிழலைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.
அறுநூறு பிள்ளைகள். ஜெபம் என் முறை.
'கண்களை மூடுவோம்' என்றேன்.
யார் மூடவில்லை என்று பார்க்க
நான் மூடவில்லை.
பதினோரு வருடப் பழக்கம்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில்
இரண்டு கண்கள் திறந்திருந்தன.
எதிர்பார்த்த கண்கள்தான்.
ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை.
முன்னால் நின்ற பெர்சிஸின் வெள்ளையில்
ஐந்து ரூபாய் நாணயம் அளவு சிவப்பு.
பெர்சிஸுக்குத் தெரியாது.
கைகூப்பி நின்றாள், நிமிர்ந்து, எப்போதும்போல.

கெங்கா தோளில் ஊக்கைக் கழற்றினாள்.
துப்பட்டாவை உருவி அவள் இடுப்பைச் சுற்றி
பீடிக்கு நூல் கட்டும் வேகத்தில்
ஒரு முடிச்சு.
காதில் என்னவோ சொன்னாள்.
கூப்பிய கை மெதுவாகப் பிரிந்தது.
கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில்.
நடுவில் பையன்களின் ஐந்து வரிசை.

என் ஜெபமோ முடிகிற இடத்தில் இருந்தது.
'நாமத்தில்' வாய்க்குள் வந்துவிட்டது.
விழுங்கினேன்.

'இன்னும் ஆண்டவரே,
கவுண்டன்யா ஆற்றுக்காக வேண்டுகிறோம்,
இந்த வருடமாவது தண்ணீர் வரட்டும்.
தறிக்காரருக்குக் கூலி உயரட்டும்.
தீப்பெட்டி ஆபீசுக்குப் போன தாய்மாரை நினைத்தருளும்.
காட்பாடியில் ரயில் மாறுகிறவர்களை,
வேலூர் ஆஸ்பத்திரியில்
டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறவர்களை...'

மூன்றாம் வரிசையைத் தாண்டினார்கள்.
யாரோ இருமினார்கள்.
பி.இ.டி. மாஸ்டரின் இமை அசைவதுபோலிருந்தது.
'எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரையும்
விசேஷமாய் ஆசீர்வதியும்.'
இறுக்கி மூடிக்கொண்டார்.

வாதநாராயண மரம். தண்ணீர்த் தொட்டி.
தகரக் கதவு சாத்தும் சத்தம்.
அதுதான் ஆமென்.
நான் பிறகு சொன்னதை
அறுநூறு பேர் திருப்பிச் சொன்னார்கள்.

'இன்றைக்கு ஆவியானவர் பலமாய் நடத்தினார் டீச்சர்,'
தலைமையாசிரியை கையைப் பற்றினார்.
ஆமாம் என்றேன்.
பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் பாடவேளையில் பதிவேட்டைத் திறந்து
நான்கை அழித்தேன். அழுத்தி அழித்ததில்
தாள் லேசாகக் கிழிந்தது.
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பெர்சிஸின் ஒன்பது அப்படியே இருக்கிறது,
பாவம், அவள் என்ன செய்தாள்.

தலையைத் தூக்கினால்
வகுப்புக்கு வெளியே கெங்கா.
துப்பட்டா இல்லாமல் வந்ததற்கு
பி.இ.டி. மாஸ்டர் நிறுத்திவைத்திருக்கிறார்.
ஏன் என்று கேட்டாராம். சொல்லவில்லையாம்.

உள்ளே வா என்றேன்.
வாசற்படியில் நின்று
என்னையே பார்த்தாள் கொஞ்ச நேரம்.

'நீங்களும் கண்ண மூடல இல்ல, டீச்சர்?'