துதிக்கை வைக்கும் இடம்

மே மாத மதுரையில் உல்லன் நூலைத் தொட
தோதான இடம் ஒன்றுதான் உண்டு:
சிம்மக்கல் ஏடிஎம், இரவு பத்துக்கு மேல்,
பதினெட்டு டிகிரியில்.

என் சட்டையில் இன்னும்
எனக்கு முன் காவல் இருந்தவர் பெயர், பொன்னுத்துரை.
மூங்கில் ஊசி இரண்டும்
அவர் பாக்கெட்டில் இருக்கின்றன.

சிம்மக்கல்லில் உட்கார்ந்து யானை பின்னுகிறேன்.
யானைக்கல் கூப்பிடு தூரம்.
உடம்பு ஒன்று, கால் நான்கு, காது இரண்டு,
துதிக்கை, வால்.
எல்லாம் முடிந்து பத்து நாளாக
பிஸ்கட் டப்பாவில் மூடிக் கிடக்கின்றன.
யானை இருக்கிறது. யானை ஆகவில்லை.

பின்னுவதைப் போனில் ஒரு வெள்ளைக்காரி காட்டினாள்.
சத்தத்தை அணைத்துவிட்டு
கையை மட்டும் பார்த்துக் கற்றேன்.
தைக்கும் இடம் வந்தபோது படம் ஒரு தாவு தாவியது,
மேசைமேல் முழு யானை நின்றது.
நடுவில் நடந்தது என் பொறுப்பு.

ஓரமெல்லாம் வாடின வெற்றிலையாய்ச் சுருண்டிருந்தது.
கைக்குட்டையை நனைத்துப் போர்த்தி
பேட்டரிப் பெட்டியின் சூட்டில்
ஒரு ராத்திரி வைத்தேன். படிந்தது.

பிறகு வயிற்றுத் தையல்.
இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி,
நூல் ஏணியாய்த் தளர்ந்து ஏறும்.
அப்போதே இழுக்கக் கூடாது.
ஏழெட்டுப் படி ஏறியதும் நுனியைப் பிடித்து
மெல்ல இழுத்தால் ஏணி உள்ளே போய்விடும்.
இரண்டு ஓரமும்
பிரிந்தே இருந்ததில்லை என்று முகத்தை வைத்துக்கொள்ளும்.
மூன்று தடவை பிரித்துத் தைத்தேன்.
இரண்டாவது தடவையே சரியாகத்தான் இருந்தது.
ஏணி மறைவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பஞ்சு, தலையணையைக் கிழித்தெடுத்த போடி இலவம்பஞ்சு.
அப்படியே அடைத்தேன்.
பின்னலின் கண்தோறும் வெள்ளை எட்டிப் பார்த்தது.
பிறக்கும் முன்னே யானைக்கு நரை.
உருவி, பழைய பனியன் துணியில் பொதிந்து,
பென்சிலின் மொண்ணை முனையால் மறுபடி உள்ளே.
கால் நுனி முதலில், வயிறு அப்புறம்.
கூடினால் தையல் பல்லிளிக்கும்,
குறைந்தால் யானை முட்டி மடங்கும்.

எந்திரம் துப்பிய சீட்டுகளின் முதுகில்
வரிசை எண்ணி வைத்திருந்தேன்.
'போதிய இருப்பு இல்லை' என்ற சீட்டில்
இடது காது, பதினான்கு வரிசை.
அதைப் போட்டுவிட்டுப் போனவர்
மூன்று தடவை அட்டையைச் சொருகிப் பார்த்தார்.
பிறகு கண்ணாடிக் கதவில் தலையைக் கோதிக்கொண்டு
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறாமல்.

மூன்றரைக்குச் சோணை வருவான்,
வாழைத்தார் இறக்கிய கறைக் கையோடு.
ஐந்நூறு எடுப்பான், ஏசிக்காகக் கொஞ்சம் நிற்பான்.
"என்னண்ணே, காலு நாலும் நாலு தெருவுக்குப் போகுது?
மொதல்ல குண்டூசி குத்தி நிறுத்துங்க.
நின்னா தைங்க."
நின்றது.
குப்பைக்கூடையின் மூடிமேல், லேசாகப் பின்னால் சாய்ந்து,
பேருந்தைத் தவறவிட்டதுபோல்.

கண்ணுக்கு வாங்கிய பொத்தானை வைக்கவில்லை.
பாப்பா கடிக்கும்.
கறுப்பு நூலில் பக்கத்துக்கு மூன்று குத்து, போதும்.
எந்தப் பாப்பா என்று சோணை கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நாலு மாசம், ஓசூர், அங்கே குளிருமாம்,
வீடியோவில் கூப்பிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும்
என்று சொல்லியிருப்பேன்.

நூல் நுனியை முடிச்சருகே வெட்டாதே.
ஊசியை வயிற்றில் விட்டு முதுகில் எடு.
விறைப்பாய் இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டு.
விட்டதும் உள்ளே ஓடிவிடும்.
இதை நான் யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.
கேமராவுக்காக இருக்கலாம்,
எல்லா ராத்திரியும் அதுதான் பார்த்தது.

ஐந்தே முக்கால். கடைசியாகத் துதிக்கை.
வேலை மாற்ற வந்த தைனிஸ் கதவைத் தள்ளினான்.
வெக்கை அவனுக்கு முன்னால் நுழைந்தது.
யானையைத் தூக்கினான், திருப்பினான்,
வாலைச் சுண்டிப் பார்த்தான்.
"பன்னிக்குட்டி அம்சமா இருக்குண்ணே" என்றான்.

இன்றிரவு துதிக்கையைப் பிரிக்க வேண்டும்.
இரண்டு வரிசை மேலே.