எண்பது லாரி

மேலங்கியின் உள்பையில் எண்பது லாரி.
அதில் பத்தைத் தொடக் கூடாது,
அது திங்கள்வரைக்கான ரொட்டியும் பேருந்தும்.
ஆக எழுபது.
எழுபதைக் காட்டாமல் ஐம்பதில் தொடங்க வேண்டும்.

உலர்ந்த பாலம் என்று பெயர்.
அடியில் ஓடிய கிளையாறு போன பிறகு
சாமான்கள் ஓடுகின்றன:
கைப்பிடி இல்லாத சமோவார்,
யாரோ எதற்கோ வாங்கிய பதக்கங்கள்,
ஒரு பெட்டி நிறையக் கதவுக் குமிழ்கள்.
திபிலிசியில் சனிக்கிழமை, மழைக்கு முந்தைய பதினோரு மணி.
பதினொன்று என்பது உத்தேசம்.
ரெவாஸின் விரிப்பில் நாற்பது கடிகாரங்கள்,
ஆளுக்கொரு நேரம் சொல்கின்றன.

எனக்கு அழகு வேண்டாம்.
மூன்றாம் மாடியில் இரவுப் பணி.
போனை எடுத்தால் வெளிச்சம் பட்டுப்
பதினாறாம் படுக்கைக்காரர் விழித்துவிடுவார்,
விழித்தால் மகனைக் கேட்பார்.
புதிதாய் மலிவாய் மூன்று வாங்கிப் பார்த்தேன்,
எதுவும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டவில்லை.
வேண்டியது
நடுவில் கிளம்பி ஓரம்வரை நீளும் விநாடி முள்.

முதலில் பொபேடா. வெற்றி என்று பொருள்.
விநாடிக்குத் தனியே ஒரு வட்டம், ஆறுக்கு மேலே,
பருப்பளவு.
வெற்றி இருக்கட்டும், எனக்குக் கண் பத்தாது.

அடுத்தது தங்க முலாம்.
"கல்பதோனோ, இது அதிகாரிகள் கட்டியது."
டயல் அத்தனை வெள்ளையாக இருக்கக் கூடாது.
புதிதாய்க் கட்டிய பல் போல இருந்தது.
நான்கின் கால் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது,
போன வாரம் யாரோ தூரிகை பிடித்திருக்கிறார்கள்.
திருப்பி வைத்தேன். அவனும் வாதாடவில்லை.

மூன்றாவது ரக்கேட்டா. தொண்ணூறு என்றான்.
மணி முள் ஒரு கடிகாரத்துடையது,
நிமிட முள் வேறொன்றுடையது.
மூடிய இரண்டு ஆஸ்பத்திரிகளில் மிஞ்சியவர்களை வைத்து
ஓட்டுகிற எங்கள் வார்டு மாதிரி.
பின்மூடியைத் திறக்கச் சொன்னேன்.
ஈரக் கறை இல்லை. திருகு ஆடவில்லை.
சாவி கொடுத்தால் மணல் அரைபடும் சத்தம் இல்லை.
காதில் வைத்தேன்:
நொடிக்கு ஐந்து அடி, நொண்டாமல்.

"நாளைக்கு எவ்வளவு பின்தங்கும்?"
"இரண்டு நிமிடம்."
மூன்று என்று எடுத்துக்கொண்டேன்.
அதைத் தினம் திருத்தலாம்.
எனக்கு அரை நிமிடத்துக்குள் பிசகாமல் இருந்தால் போதும்.

"கையைக் கொடு."
கொடுத்தான், விலை படிந்ததென்று நினைத்து.
மணிக்கட்டைத் திருப்பி இரண்டு விரல் வைத்தேன்.
முள் உச்சியைத் தொட்டதும் எண்ணினேன்.
பதினொன்று, பன்னிரண்டு,

பதின்மூன்று எங்கே?

முள் தாவிவிட்டதோ என்றுதான் முதல் சந்தேகம்.
அதைச் சொல்லி இருபது குறைக்கலாம் என்றுகூட
மனம் கணக்குப் போட்டது. மறைக்க என்ன இருக்கிறது.
பொபேடாவை எடுத்து, பருப்பைக் கண்ணருகே பிடித்து
மறுபடி.
ஒன்பதுக்குப் பின் ஒரு படி இல்லை.
இருபத்திரண்டுக்குப் பின் இன்னொன்று.
இரண்டு கடிகாரங்கள் ஒரே பொய்யைச் சொல்லாது.

"கடிகாரம் சரியாக இருக்கிறது," என்றேன்.
"சொன்னேனே," என்று சிரித்தான்.
"மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?"
விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.
காபி என்றான். தூக்கமில்லை என்றான்.
பிறகு பாலத்தின் படிக்கட்டைப் பார்த்து,
"போன மாதத்திலிருந்து."

அறுபத்தைந்துக்குப் படிந்தது.
இன்னும் இறங்கியிருப்பான்.
நாடியைப் பிடித்துக்கொண்டு பேரம் பேச
எனக்கு வாய் வரவில்லை.
தோல் வாரில் அவனே ஒரு துளை கூடுதலாகப் போட்டுத் தந்தான்.
பொட்டலம் கட்டும் செய்தித்தாளின் ஓரத்தில்
எழுதிக் கொடுத்தேன்: லம்ஸிரா, மூன்றாம் மாடி,
செவ்வாய் காலை எட்டு.
"எந்தக் கடிகாரத்தின் எட்டு?" என்றான்.

முதல் துளி விழ
முப்பத்தொன்பது நேரங்களையும்
விரிப்போடு அள்ளிக்கொண்டு அவன் ஓடினான்.
ஓடாதே என்று கத்தினேன்.

பாலத்தின் மேல் நின்று, போனைப் பார்த்து
முள்ளை நகர்த்தினேன்.
செவ்வாய்க்குள் ஒன்பது நிமிடம் பின்தங்கும்.
பத்து கூட்டியே வைத்தேன்.