பதினைந்துக்குக் கீழே

தார்த்துவில் ஆறு உறைந்துவிட்டது.
ஹீட்டர் மேல் என் கையுறைகள் காய்கின்றன.
திரையில் இருபத்தோராயிரம் கட்டுரைகள்,
எல்லாம் மாரடைப்பு,
அதுவும் மூலக்கூறு அளவில்.
நான் ஒன்றையும் படிப்பதில்லை. எண்ணுவதுதான் வேலை.

எந்தச் சொல்லின் பக்கத்தில் எந்தச் சொல்
எத்தனை முறை வந்து நிற்கிறது என்று பார்த்து
மென்பொருள் வட்டம் போடும்.
பழைய சொல்லுக்கு நீலம், புதுச் சொல்லுக்கு மஞ்சள்.
நான் நூலகத்தில் சேர்ந்த வருடம்
ட்ரோபோனின் மஞ்சளில் இருந்தது,
கல்யாணப் பெண்ணைப் போல.
இப்போது ஆழ்நீலம்.
ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக உழைக்கிறது;
அதைப் பற்றிப் புதிதாக எழுத யாருக்கும் கை வரவில்லை.

அப்புறம் அழற்சி.
அப்புறம் மைக்ரோ ஆர்.என்.ஏ., சில வருடம் கொடிகட்டிப் பறந்தது.
போன வருடம் முழுக்க இரும்பு:
இரும்பு மிஞ்சிப்போய்
செல் உள்ளுக்குள் துருப்பிடித்துச் சாகிறதாம்.
உயிர் போக ஒரு செல்லுக்கே இத்தனை வாசல்.
வாசலுக்கு வாசல் கிரேக்க வால் முளைத்த ஒரு பெயர்,
ஒரு மாநாடு, ஒரு மானியம்.

மூன்றாம் மாடியில் உர்வே
எலிகளின் மார்பைத் திறப்பவள்.
தலைமுடியைவிட மெல்லிய நூலால்
இடது நாளத்தைக் கட்டுவாள்.
முப்பது நிமிடம். பிறகு அவிழ்ப்பாள்.
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
ஒருநாள் சொன்னாள்:
கட்டியபோது சாகாத செல்கள்கூட
அவிழ்த்த பிறகு சாகும்.
மூச்சுக்குத் தவித்துக் கிடந்த இடத்தில்
ஒரேயடியாக ஆக்சிஜன் வந்தால்
அதுவே நெருப்பு.

அவளுடைய எலிகள் எல்லாம் ஆண்.
பெண் எலிகளின் சுழற்சி
கணக்கைக் கலைத்துவிடுமாம்.

நவம்பரில் உர்வேக்குத் தாடை வலித்தது.
பல் டாக்டர் பார்த்தார்; பல்லில் ஒன்றுமில்லை.
முதுகு வலித்தது; வாசலில் பனி தள்ளியதால் என்றாள்.
மறுநாள் கூண்டுகளுக்கு நடுவே
கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் எழுதாத அந்த நீலச் சொல்தான்
அவள் இரத்தத்திலிருந்து உண்மையைச் சொன்னது.
நாளத்தைத் திறந்தார்கள். பிழைத்தாள்.
"படுத்தபடியே கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றாள்,
"முப்பது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது."

அன்று ராத்திரி என் பட்டியலில் தேடினேன்.
தாடை: இல்லை.
பயம்: இல்லை.
வலி: பதினொன்று.

பதினைந்துக்குக் குறைந்த சொல்
என் படத்தில் வராது.
பதினைந்து என்று வைத்தது நான்தான்,
படம் துப்புரவாக இருக்கட்டும் என்று.

பத்தாகக் குறைத்தேன்.
திரை வெடித்தது.
சொல் மேல் சொல் ஏறி
எதையும் வாசிக்க முடியவில்லை;
'வலி' எங்கோ ஒரு ஓரத்தில்,
எந்தக் கோடும் தொடாமல்.
பேராசிரியர் கல்லஸ்தே எட்டிப் பார்த்தார்.
"வெள்ளிக்கிழமை அனுப்பணும், லேலோ.
இது என்ன, ஈ மொய்த்த மாதிரி?"

மறுபடி பதினைந்து.
அனுப்பினேன்.
இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது;
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரலில் பனி உடைந்தது.
வளைவுப் பாலத்தில் இரண்டு முறை நின்று நின்று
உர்வே ஏறி வந்தாள்.
குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்த ஆறு
நகரத் தொடங்கிய பிறகுதான்
கரையோரப் படகுத்துறையை முறித்திருந்தது.
இருவரும் பார்த்தோம். ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவள் கேட்டாள்: "இப்போது எத்தனை?"

"பன்னிரண்டு."

"அது நான்தான்.
ஐந்தாவது குறிச்சொல்லுக்கு இடம் காலியாக இருந்தது.
எலிக்கு எங்கே வலித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?
ஆனாலும் போட்டேன்."

ஒரு பனிப்பாளம் தூணில் மோதித் திரும்பியது.
அவள் கைப்பைக்குள் மாத்திரை டப்பா கலகலத்தது.
குளிருது, போகலாம் என்றாள்.